நட்சத்திரம் பார்த்து அறை எடுத்த கதை

நம்மவர் வீடுகளிலே கலியாணப் பேச்சு எழுந்ததும் முதலில் நட்சத்திரம் பார்ப்பார்கள். சாதகக் குறிப்பைச் சாத்திரியாரிடம் கொண்டுபோய்ப் பொருத்தம் கேட்பார்கள். பத்துப் பொருத்தத்தில் எட்டு உண்டு என்று அவர் சொல்லிவிட்டாலும், பெண்ணைப் பெற்றவர்கள் அந்த அளவில் ஓய்ந்துவிடுவதில்லை. மாப்பிள்ளையின் ஊரிலே அறிந்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, "ஆள் எப்படி? வீட்டார் எப்படி?" என்று மெல்ல விசாரித்த பின்பே மேற்கொண்டு பேசுவார்கள். நட்சத்திரம் ஒரு கணக்கு, விசாரணை வேறொரு கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியும்.

இத்தகைய முன்யோசனை மிகுந்த சமூகத்திலே பிறந்து வளர்ந்த நாம், கொழும்பு மாநகரில் மூன்று இரவு தங்குவதற்கு ஓர் அறை தேடியபோது நட்சத்திரத்தை மாத்திரம் பார்த்தோம், விசாரிக்க மறந்தோம். அதனால் விளைந்த நட்டம் நம் ஒருவரோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. ஒரு கிராமப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு மாரி காலம் முழுவதும் ஒழுகும் கூரையின் கீழே இருந்து படிக்க வேண்டியதாயிற்று. ஆதலால், வெட்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லத் துணிகிறோம்.

பயணம் எதற்காக?

நாம் படித்த பாடசாலையின் வகுப்பறைக் கட்டிடம் ஒன்று பழுதடைந்துவிட்டது. அதைத் திருத்துவதற்கான விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள ஓர் அலுவலகத்திலே, புரட்டாதி மாதத்து ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடும் குழுவின் முன் எடுக்கப்படும் என்று அறிவித்தல் வந்தது. பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் இருவர் சமுகமளித்து விளக்கம் கூறலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. நாமும், இளைப்பாறிய ஆசிரியரான நம் நண்பர் ஒருவரும் செல்வதென முடிவாயிற்று. ஊரில் எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்பர்; நாமும் அவ்வாறே அழைப்போம்.

"தம்பி, கொழும்பிலே எங்கே தங்குவது?" என்பதே மாஸ்டர் கேட்ட முதற் கேள்வி.

ஒரு காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருந்ததில்லை. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை முழுமை பெற்றபின், உத்தியோகம் தேடிய யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்புக்கு வந்து குவிந்தனர். பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை அமர்த்தி, 'சமறி' என்ற பெயரிலே கூட்டுக் குடித்தனம் நடத்தினர். ஊரிலிருந்து எவர் வந்தாலும் அங்கே ஒரு பாய்க்கு இடமுண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாமா வீடு, ஒரு பெரியம்மா வீடு இல்லாத குடும்பம் அரிது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் ஏறும்போதே, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது தீர்மானமாகியிருக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற வரம்பை மீறாதவரை எவரும் முகஞ் சுளிப்பதில்லை.

காலம் மாறியது. கலவரங்களும் போரும் அந்த மாமாக்களையும் பெரியம்மாக்களையும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிவைத்தன. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்திலே கடவுச்சீட்டுக்கும் வைத்தியத்துக்குமாகக் கொழும்புக்கு வந்த நம்மவர்க்கு 'லொட்ஜ்' எனப்பட்ட விடுதிகளே புகலிடமாயின. 2007 யூன் 7ஆம் திகதி அவ்விடுதிகளில் இருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியதையும் மறந்தவர் இரார். அந்நாளிலே ஒரு விடுதியைப் பற்றி நாம் விசாரித்ததெல்லாம் மெத்தையைப் பற்றியதன்று, "பொலிஸ் வந்தால் முதலாளி நமக்காக ஒரு வார்த்தை பேசுவாரா?" என்பதே. அக்கேள்விக்கு எந்த நட்சத்திரமும் விடை சொல்லாது. முன்பு தங்கியவர் ஒருவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லை நம்பியே மக்கள் போனார்கள்.

கைப்பேசியில் ஒரு நட்சத்திர மண்டலம்

இன்றைக்கு அத்தகைய அச்சம் இல்லை. அறிந்தவரைத் தேடும் வேலையும் இல்லை. கைப்பேசியைத் தட்டினால் கொழும்பின் விடுதிகள் யாவும் படத்தோடும் விலையோடும் நட்சத்திரத்தோடும் வரிசையாக வந்து நிற்கின்றன. 'ஹோட்டல்' என்று தேடினால் சோற்றுக் கடைகளும் சேர்ந்து வருகின்றன. நம் நாட்டிலே அச்சொல் உணவுக் கடையையும் குறிக்குமன்றோ? அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, வெள்ளவத்தையிலே கடலோரமாக ஒரு விடுதி நம் கண்ணிற் பட்டது. 4.6 நட்சத்திரம், இருநூறுக்கு மேற்பட்டோர் அபிப்பிராயம் எழுதியிருந்தனர். படத்திலே யன்னல் நிறையக் கடல்.

"நாலு பேர் சொன்னாலே நம்பலாம். இருநூறு பேர் சொன்னால் வேறென்ன வேண்டும்?" என்றோம் நாம். மாஸ்டரும் இசைந்தார். தொலைபேசியில் அழைத்து, "கடற்பக்க அறையே வேண்டும்" என்று வற்புறுத்திக் கேட்டு ஒழுங்கு செய்தோம். பத்தரமுல்லைக்குப் போகும் நாம் வெள்ளவத்தையில் ஏன் தங்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றவில்லை. கொழும்பு என்றால் வெள்ளவத்தை என்பது நம் எலும்பிலே ஊறிய பழக்கம்.

இவ்விடத்தில் நட்சத்திரத்தைப் பற்றி ஒரு சொல். பயணிகள் காணும் நட்சத்திரம் ஒரே வகையானதன்று. நம் நாட்டிலே ஹோட்டல்களை ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டுத் தரப்படுத்துவது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. 1966இல் அமைந்த இலங்கைச் சுற்றுலாச் சபையின் வழிவந்தது அது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அந்த நட்சத்திரம் வசதிகளை எண்ணி இடப்படுவது. பிரான்சு தேசத்திலே மிஷலின் என்னும் டயர்க் கம்பனி 1900இல் மோட்டார்ப் பயணிகளுக்காக ஒரு கைந்நூல் வெளியிட்டது. 1926 முதல் சிறந்த உணவுச்சாலைகளுக்கு அது நட்சத்திரம் இட்டு வருகிறது. அங்கே தம்மை யாரென்று காட்டாத பரிசோதகர் பணம் கொடுத்து உண்டு பார்த்துத் தீர்ப்புச் சொல்வர்.

கைப்பேசியில் நாம் காணும் நட்சத்திரமோ மூன்றாவது வகை. தங்கினவர், தங்காதவர், மகிழ்ந்தவர், கோபித்தவர் எல்லாரும் இட்ட புள்ளிகளின் சராசரி அது. பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரமும் ஒருவர் ஒரேயொரு நட்சத்திரமும் இட்டால் சராசரி 4.6. ஆறு பேர் ஐந்தும் நால்வர் நான்கும் இட்டாலும் அதே 4.6. முதல் விடுதியிலே ஒருவர் பெருந்துன்பம் அடைந்திருக்கிறார். இரண்டாவதிலே ஒருவரும் துன்பப்படவில்லை. இரண்டுக்கும் நெற்றியிலே எழுதிய எண் ஒன்றே. கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டர் இதைப் பின்னர் நமக்கு விளக்கினார். முன்னரே விளக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்!

கடலும் புகையிரதமும்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் விடுதியை அடைந்தோம். அறை துப்புரவாகவே இருந்தது. வெள்ளைத் துவாய், மணக்கும் சவர்க்காரம், நுளம்பு புகாத யன்னல், யன்னலுக்கு அப்பால் படத்திற் கண்ட அதே கடல். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலைச் சூரியன் நீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, பிட்டும் சம்பலும் உண்டு, மறுநாள் பேச வேண்டியவற்றைக் குறித்து வைத்துவிட்டுப் படுத்தோம்.

வெள்ளவத்தையை அறிந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் கடற்கரையை நேரே தொடுவதில்லை. இடையிலே மரைன் டிரைவ் வீதி. அதற்கும் கடலுக்கும் இடையே கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் கரையோரப் புகையிரதப் பாதை. கடல் தெரியும் அறை எதுவோ, அதுவே புகையிரதம் கேட்கும் அறை. ஒவ்வொரு வண்டியும் வரும்போது கூவென்று ஊதிக்கொண்டே கட்டிடத்தை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போயிற்று. வண்டிகள் ஓய்ந்த நேரத்திலே பக்கத்து மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. 'பைலா'ப் பாட்டும் மேளமும் நள்ளிரவைக் கடந்தும் நீடித்தன. அவை ஓய்ந்து கண்ணயரும் வேளையில், விடியுமுன்னரே, மறுநாள் வண்டிகள் ஆரம்பித்துவிட்டன.

விடியப்புறம் வந்த நித்திரை நம்மைக் கவிழ்த்துவிட்டது. எழுந்தபோது மணி ஏழரை. அவசரமாக உடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினோம். வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லை ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலே அது ஒரு தூரமே அன்று. கொழும்பிலே காலை வேளையில், பாடசாலை வாகனங்களும் அலுவலக வாகனங்களும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது, அது ஒரு யுகம். இராஜகிரிய மேம்பாலத்தைக் கண்டபோதே ஒன்பதரை ஆகிவிட்டது. அலுவலகத்தின் படியேறியபோது நம் விடயத்தை வரிசையில் எடுத்து, சமுகமளிக்க ஒருவரும் இல்லாமையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டிருந்தார்கள். அடுத்த கூட்டம் தை மாதத்திலே.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. யாழ்ப்பாணத்தில் மழை பெய்வது அந்த மாதங்களிலேதான்.

திரும்பி வரும் வழியில் மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. அவர் முப்பது ஆண்டுகள் படிப்பித்த வகுப்பறை அது. பேசியிருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

கோபமும் வாசிப்பும்

அன்று மாலை கைப்பேசியை எடுத்தோம். ஒரே ஒரு நட்சத்திரம் இட்டு, இனி எவரும் அவ்விடுதியின் நிழலிலும் ஒதுங்காதவாறு எழுதிவிட வேண்டும் என்ற ஆவேசம். கீழே இறங்கிச் சென்று, வரவேற்பு மேசையிலிருந்த இளைஞரிடமும் நான்கு வார்த்தை உறைப்பாகச் சொன்னோம். மலையகத்துப் பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். பின்பு, "ஐயா, அலுவலுக்கு வந்திருக்கிறோம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒழுங்கைப் பக்கத்து அறையைத் தந்திருப்பேன். அங்கே வண்டிச் சத்தம் அவ்வளவாக வராது, விலையும் குறைவு. கடற்பக்கம்தான் வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். மாஸ்டர் மெல்ல, "தம்பி, அந்த இருநூறு பேரும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசியும் பார்ப்போம்" என்றார். அதுவரை நாம் எண்ணைப் பார்த்தோமே அன்றி எழுத்தைப் பார்க்கவில்லை.

வாசித்தோம். ஒரு தாய் எழுதியிருந்தார்: பிள்ளைகள் விடியமுன் எழுந்து யன்னலில் நின்று புகையிரதத்துக்குக் கைகாட்டி ஆரவாரித்தார்களாம். ஐந்து நட்சத்திரம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், பக்கத்து மண்டபத்துப் பாட்டுக்குத் தாமும் இறங்கி நள்ளிரவு வரை ஆடியதாக எழுதியிருந்தார். அவரும் ஐந்து. இன்னொருவர், கடலும் இரயிலும் ஒருங்கே தெரியும் இடம் உலகிலே வேறில்லை என்று வியந்திருந்தார். ஒருவரேனும் பொய் சொல்லவில்லை. நம் நித்திரையைக் கெடுத்த ஒவ்வொன்றும் அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது, புகழுரையாக! அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். நாம் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுடைய நட்சத்திரம் நமக்குப் பொருந்தவில்லை.

ருசிய எழுத்தாளர் அந்தோன் செக்கோவ் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். இத்தீவைச் சுவர்க்கம் என்று தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். நம் நாட்டவர் அதைப் பெருமையோடு எடுத்துச் சொல்வர். பெருமை தக்கதே. ஆயினும், அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் நினைக்க வேண்டும். கைதிகளை நாடு கடத்தி வைத்திருந்த சகாலின் தீவிலே ஏறக்குறைய மூன்று மாதம் இருந்து, அங்குள்ள துயரங்களையெல்லாம் பதிந்துகொண்டு, கடல்வழியே திரும்பும்போது கொழும்பில் இறங்கியவர் அவர். நரகத்தைக் கண்டு வந்தவருக்குத் தென்னஞ்சோலை சுவர்க்கமாகத் தோன்றியதில் வியப்பென்ன? புகழ்பவர் எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்பதை அறியாமல் புகழை அளக்க முடியாது.

பொய்யுரையும் உண்டு

நம் விடுதியைப் பற்றி எழுதியோர் மெய்யே எழுதினர். எல்லா இடத்தும் அவ்வாறென்று நினைத்துவிடலாகாது. 2017ஆம் ஆண்டில் ஊபா பட்லர் என்னும் இளைஞர் இலண்டனிலே தம் வீட்டுப் பின்வளவில் இருந்த கொட்டிலை ஓர் உணவுச்சாலை என்று 'ட்ரிப் அட்வைசர்' தளத்திலே பதிவு செய்தார். சவர நுரை முதலியவற்றால் 'பலகாரம்' செய்து படம் பிடித்தார். நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுதுவித்தார. ஒருவருக்கும் ஒரு பிடி உணவு பரிமாறாத அக்கொட்டில், அவ்வாண்டு நவம்பரில், இலண்டனின் 18,000க்கு மேற்பட்ட உணவுச்சாலைகளுள் முதலாம் இடத்தைப் பிடித்தது!

பொய்யுரையை மனிதர் கண்டுபிடிப்பாரா? அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் இதனைச் சோதித்தனர். சிக்காகோ நகரின் 20 ஹோட்டல்களைப் பற்றிய 400 உண்மை உரைகளையும், கூலி கொடுத்து எழுதுவித்த 400 பொய்யுரைகளையும் கலந்து வைத்தனர். வாசித்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர், காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பவரிலும் அதிகம் வெல்லவில்லை. கணினியோ ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகப் பிரித்தது. அது கண்ட வேறுபாடு நம் வாசகர்க்கும் பயன்படும். மெய்யாகத் தங்கியவர் குளியலறை, மாடி, அறையின் சிறுமை, இருப்பிடம் என்று இடத்தைப் பற்றிச் சொல்லுகிறார். தங்காதவர், தாம் யாரோடு வந்தார், எதற்காக வந்தார் என்பதையே அதிகம் சொல்லுகிறார். அறையைப் பற்றிச் சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது?

இன்னோர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. எவரும் எழுதக்கூடிய தளத்தையும், அறைக்குப் பணம் கட்டினவர் மாத்திரம் எழுதக்கூடிய தளத்தையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். தனியார் ஒருவருக்குச் சொந்தமான சிறு ஹோட்டலுக்குப் பக்கத்திலே உள்ள ஹோட்டல்களுக்கு, எவரும் எழுதும் தளத்திலே வசை கூடுதலாக இருந்தது. அயலவர் வேலையாக இருக்கலாம் என்பதே அதன் கருத்து. அமெரிக்க அரசு 2024 ஒக்டோபர் முதல் பொய்யுரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதியொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விதிகள் வரட்டும், விசாரணை நம் கையில் இருக்கிறது.

விசாரிக்கும் முறை

தை மாதத்துப் பயணத்துக்கு நாமும் மாஸ்டரும் முறைப்படி ஆயத்தமானோம். முதலில், நமக்கு வேண்டியவை எவை என்று ஒரு தாளிலே எழுதினோம். நல்ல நித்திரை, காலை ஒன்பது மணிக்குள் சென்றடையக்கூடிய தூரம், எழுத ஒரு மேசையும் வெளிச்சமும், சங்கக் கணக்குக்கு ஒரு பற்றுச்சீட்டு, மரக்கறி உணவு. கடற்காட்சி அந்தத் தாளில் இல்லை.

அடுத்து, பத்தரமுல்லையைச் சுற்றியுள்ள விடுதிகளையே பார்த்தோம். ஐந்து நட்சத்திரப் புகழுரைகளை விடுத்து, இரண்டும் மூன்றும் நான்கும் இட்டவர் எழுதியவற்றை வாசித்தோம். அளவோடு புள்ளியிட்டவரே காரணத்தையும் அளவோடு சொல்லுகிறார் என்பது நாம் கண்ட அனுபவம். அண்மை மாதங்களில் எழுதியவற்றுக்கே முதன்மை கொடுத்தோம். முதலாளி மாறினால் விடுதியும் மாறிவிடும். பலர் ஒரே குறையைச் சொன்னால் நம்பினோம். ஒருவர் மட்டும் பத்துக் குறைகளை அடுக்கினால் அவரது அன்றைய மனநிலையை எண்ணி விட்டுவிட்டோம்.

இவ்வாறு தேடியதில் இராஜகிரியவில், உள் ஒழுங்கையொன்றில், 3.8 நட்சத்திரமே பெற்ற ஒரு விடுதி அகப்பட்டது. அதைக் குறை கூறியோர் எழுதியதைக் கேளுங்கள். சுற்றிப் பார்க்க அயலில் ஒன்றுமில்லையாம். கடல் வெகு தூரமாம். இரவு பத்து மணிக்கு வாயிற் கதவைப் பூட்டிவிடுகிறார்களாம். பாட்டுக் கூத்து எதுவும் இல்லையாம். காலையில் இடியப்பமும் பருப்பும் சம்பலுமே தருகிறார்களாம். வீட்டுக்கார அம்மையார் சிரிப்பதேயில்லையாம். மாஸ்டர் இதனை உரக்க வாசித்து, "தம்பி, இது நமக்கென்றே கட்டிய வீடு!" என்றார்.

அத்துடன் நில்லாமல் தொலைபேசியிலும் அழைத்தோம். எழுத்திலே கிடைக்காத செய்தி குரலிலே கிடைக்கும். இரவு வண்டியில் வருவோர்க்கு முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. வண்டி விடியற்காலையில் கொண்டுபோய் விட்டுவிடும். அறையோ பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். "அம்மா, காலை ஆறு மணிக்கு வந்தால் இடம் தருவீர்களா?" என்று கேட்டோம். "அறை தர முடியாது, ஐயா. முந்தின ஆட்கள் இருப்பார்கள். விறாந்தையிலே பைகளை வைத்துவிட்டு, முகம் கழுவித் தேநீர் குடிக்கலாம்," என்று சிங்களம் கலந்த தமிழிலே விடை வந்தது. முடியாததை முடியாது என்று சொன்னதே அவர்மேல் நமக்கு நம்பிக்கையைத் தந்தது.

விலையையும் முழுதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அறை 10,000 ரூபா என்று கண்டால் அதுவே முடிந்த முடிபன்று. நூற்றுக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 11,000; பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த இடமானால், 2024 ஜனவரி முதல் உள்ள 18 வீதத்தின்படி அது 12,980 ஆகிவிடும். மூன்று இரவுக்கு ஏறக்குறைய 9,000 ரூபா வேறுபாடு. சங்கப் பணத்திலே செல்பவர்க்கு இது சிறு தொகையன்று.

கடன் தீர்த்தல்

தை மாதத்துப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல பயணத்துக்கு அதுவே அடையாளம். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைத்தோம்; காலை ஐந்தரைக்குக் காக்கைக் குரல் கேட்டு எழுந்தோம். அம்மையார் சிரிக்கவில்லை, ஆனால், நாம் கேளாமலே மாஸ்டருக்குச் சுடுநீர் வைத்துத் தந்தார். எட்டே காலுக்கே அலுவலக வாயிலில் இருந்தோம். நம் விடயம் எடுக்கப்பட்டபோது மாஸ்டர் எழுந்து, மழைக் காலத்திலே பிள்ளைகள் எந்த மூலையில் வாங்குகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு படித்தார்கள் என்பதை ஐந்தே நிமிடத்தில் சொன்னார். கூரைக்கு அனுமதி கிடைத்தது. அவர்கள் நனைந்த மூன்று மாதத்தை மீட்டுக் கொடுக்க எவராலும் இயலாது.

புரட்டாதியிலே ஆவேசத்தோடு எழுதத் தொடங்கிய அபிப்பிராயத்தை, அன்றிரவே அழித்துவிட்டு வேறு விதமாக எழுதியிருந்தோம். அதனை இங்கே தருகிறோம்: "அறை துப்புரவு. பணியாளர் மரியாதையானவர். கடற்பக்க அறைக்கும் கடலுக்கும் இடையே புகையிரதப் பாதை உண்டு. இரவும் விடியற்காலையும் சத்தம் கேட்கும். பக்கத்து மண்டபத்தில் விருந்து நடந்தால் நள்ளிரவு வரை பாட்டு. பிள்ளைகளோடு விடுமுறைக்கு வருவோர்க்கு உகந்தது. அலுவலுக்கு வருவோர் ஒழுங்கைப் பக்கத்து அறை கேட்கவும். காலையில் பத்தரமுல்லை செல்வோர்க்குத் தூரம்." நட்சத்திரம் எத்தனை இடுவது என்று வெகு நேரம் யோசித்தோம். மாஸ்டரின் யோசனைப்படி நான்கு இட்டோம்.

முன்னாளிலே கொழும்புக்குப் போய் வந்தவர், படலையில் நிற்கும் அயலவருக்கு, "அங்கே தங்காதே, மூட்டைப்பூச்சி, இங்கே தங்கு, நல்ல கிணற்றுத் தண்ணீர்" என்று சொல்லிவிட்டே வீட்டுக்குள் நுழைவார். அந்தச் சொல்லிலே புகழுமில்லை, பழியுமில்லை. பின்னால் வருபவன் துன்பப்படலாகாது என்ற எண்ணமே இருந்தது. இன்று படலையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. அங்கே நிற்பவர் முகம் நமக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும், நாளைக்கு ஏதோ ஒரு பாடசாலையின் கடதாசிக் கட்டைக் கையில் ஏந்தியபடி அவரும் ஓர் அறை தேடக்கூடும். அவருக்குக் கண்டதைக் கண்டபடி சொல்லி வைப்பது நம் கடன்.